நாங்க

மாலை நாலு மணிக்கு டீ கேட்டபோது ரோபோ சொன்ன பதிலில் ஒரு பிழை இருந்தது.

"நாங்க குடிச்சாச்சு, சார்."

அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியவர் அவர். கல்யாணப் பத்திரிகையில்கூட ஒற்றுப்பிழை தேடுவார் என்று மகள் கேலி செய்வாள். வீட்டில் இருப்பதே அவரும் அதுவும்தான். "என்னையும் சேத்துச் சொன்னா 'நாம'ன்னு சொல்லணும்" என்று திருத்தினார்.

"சேக்கல சார். நாங்கதான்."

சமையலறைத் தொட்டியில் அவர் கோப்பை கிடந்தது, அடியில் டீ ஈரம் காயாமல்.

மகள் கொண்டுவந்த புதிதில் அதைத் தகர டப்பா என்று கரித்துக்கொட்டியவர்தான். ஒரு விடியற்காலை படுக்கை நனைந்துபோனது. வெட்கத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தவரை, ரப்பர் வாடையடிக்கும் விரல்களால் சத்தமில்லாமல் துடைத்து, விரிப்பை மாற்றித் துவைத்தும் போட்டது. அதன்பின் அதனிடம் மறைக்க எதுவும் இல்லை. மகளிடம்தான் மறைத்தார். தெரிந்தால் முதியோர் இல்லத்தில் விட்டுவிடுவாள். நாக்குக் குழறும் நாட்களில் அவளது போனை எடுக்கத் தன் குரலையே, இருமல் உட்பட, அதற்குப் பழக்கினார். பெற்ற பெண்ணையே ஏய்க்கிறோமே என்று உடம்பு கூசியது. ஆனாலும் பழக்கினார்.

அந்த 'நாங்க'வை யோசித்துக்கொண்டே குளியலறைக்குப் போனவர் வழுக்கி விழுந்தார். இடுப்பு அசையவில்லை. தொடையெல்லாம் சூடாக நனைந்தது. அப்போது பார்த்து அழைப்பு மணி.

"அப்பா, நான்தான்."

கத்த வாயெடுத்தார். தன் கோலத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார். ரோபோ துண்டோடு குளியலறை வாசலில் வந்து நின்றது. துடைக்கட்டும், அப்புறம் கூப்பிடலாம். ஒரு நிமிஷம்தானே.

வாசல் கதவு திறக்கும் சத்தம்.

"என்னப்பா, இளைச்சுட்டீங்க?"

"ஜலதோஷம்மா. உனக்கும் ஒட்டிக்கும், இன்னொரு நாள் வா. நாங்க நல்லாத்தான் இருக்கோம்."

அவர் குரல். ஆனால் ரோபோ இங்கே நிற்கிறது. எதிரே. பேசாமல்.

"சரிப்பா. மாத்திரை போடுங்க."

படியிறங்கும் செருப்புச் சத்தம். இப்போது கத்தினார். குழறல்தான் வந்தது.

கூடத்தில் அவர் நாற்காலி கிறீச்சிட்டது. பேப்பர் புரண்டது. இருமல். அவருடையது.

ரோபோ துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டது.

"யாருக்கும் தெரியாது" என்றது அவரிடம். சார் என்று சொல்லவில்லை.

விளக்கை அணைத்தது. கூடத்துப் பக்கம் தலையைத் திருப்பியது.

"இதோ வரேன், சார்."

கதவைச் சாத்தியது.