கீழ்க்கதவுக்குத் தண்ணீர்

குவளையில் தண்ணீர் இல்லை. பகல் சாப்பாட்டுக்கு உட்காரும் முன் அராபாதான் அதை விளிம்பு வரை நிரப்பி மேசைமேல் வைத்திருந்தாள். புளித்த சோளமாவில் அவித்த கென்கே உருண்டையை இரண்டு விள்ளல் விண்டு, வறுத்த மீனில் முள்ளை எடுத்துவிட்டு நிமிர்ந்தால் குவளையின் அடியில் ஈரம்கூட இல்லை. வடக்கே பாலைவனத்திலிருந்து புழுதியை வாரிக்கொண்டு வரும் வறண்ட காற்றுக்காலம் அது. உதடு வெடிக்கும், கதவுப் பலகை சுருங்கும், கொடியில் போட்ட துணி போட்ட கையோடு காயும். ஆனால் நாலு வாய் தின்பதற்குள் ஒரு குவளையைக் குடித்துவிடும் காற்றை அவள் தன் ஐம்பத்திரண்டு வயதில் கண்டதில்லை.

"எலியா இருக்கும்" என்று வாய்விட்டுச் சொன்னாள். எந்த எலி குவளையைத் துடைத்து வைத்துவிட்டுப் போகும் என்று அவளிடம் கேட்க வீட்டில் ஆளில்லை. மூன்று வாரமாகவே ஆளில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாயன்று கடலுக்கு ஓய்வு. ஒரு படகும் இறங்காது. மோட்டார் சத்தமில்லை, மீன்காரிகளின் ஏலக்கூச்சல் இல்லை. அந்த அமைதியில்தான் அது கேட்டது. கீழேயிருந்து, தரைப் பலகைக்கு அடியிலிருந்து, மெதுவாக ஒரு சத்தம். காய்ந்த நாக்கு மேலண்ணத்தை விட்டுப் பிரியும் சத்தம். டக். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. டக்.

கீழே இருப்பது ஓர் அறைதான். கையளவு சன்னல், குனிந்தால்தான் நுழைய முடிகிற கதவு. அவள் பாட்டனின் பாட்டன் காலத்தில் உள்நாட்டுச் சந்தைகளில் வாங்கிய ஆட்களை அங்கேதான் அடைத்து வைத்து, வெள்ளைக்காரக் கப்பல் வந்ததும் கடற்கரைக்கு இறக்கினார்கள். துணியும் ரம்மும் வெடிமருந்தும் மேலே ஏறின, மனிதர்கள் கீழே இறங்கினார்கள், அப்படித்தான் இந்த மாடிவீடு எழும்பியது. ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் பேசமாட்டார்கள். கப்பலில் இடம் போதாமல் மிஞ்சிப்போன ஒரு சிறுமியை வீட்டு வேலைக்கு நிறுத்திக்கொண்டார்கள். அவள் வயிற்று வழியில் வந்தவன் கொபினா. படகு மோட்டார் பழுது பார்ப்பவன். அராபாவோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த தம்பி.

செவ்வாய்தோறும் அந்தக் கதவடியில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைப்பது அவன் வேலை. அவனுக்கு முன் அவன் அம்மா வைத்தாள். எதற்கு என்று மாடியில் இருந்தவர்கள் கேட்டதில்லை. அவன் போய் மூன்று செவ்வாய் ஆகிவிட்டது.

போனான் என்று சொல்வது பொய். அவள்தான் துரத்தினாள். வீட்டுப் பொறுப்பு யாருக்கு என்று குடும்பம் கூடியபோது எல்லோரும் கொபினா பேரைச் சொன்னார்கள். அவளுக்கு வயிறு எரிந்தது. எழுந்து நின்று, "அவன் பாட்டியோட பாட்டி எந்தக் கதவு வழியா இந்த வீட்டுக்குள்ள வந்தாள்னு யாராவது சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டாள். ஒருவரின் பூர்வீகத்தை வாய்திறந்து சொல்லக்கூடாது என்பது அந்த மண்ணில் கைக்குழந்தைக்கும் தெரிந்த சட்டம். கொபினா மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். வாசலில் செருப்பைத் தேடிய அந்த ஒரு நிமிடம் அவன் முகத்தில் இருந்ததை அவளால் இன்னும் விழுங்க முடியவில்லை.

இந்தச் செவ்வாய் காலையில்தான் குவாமினா மாமா வந்தார், குடும்பத் தலைவர். முறைப்படி நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், அவர் குடித்து முடித்த பிறகு, "இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். நீங்க வந்த சேதி என்ன?" என்று கேட்டாள். வாசலேறியவரை அப்படிக் கேட்டாக வேண்டும். கேட்டுவிட்டால் வந்தவர் முழுக்கச் சொல்லியாக வேண்டும்.

"சேதி உனக்கே தெரியும். இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள என் வீட்டுக்கு வா. சமாதானத்துக்கு அறுக்க ஆட்டைக் கட்டி வெச்சிருக்கேன். எல்லார் முன்னாடியும் நின்னு, நான் சொன்னது பொய்ன்னு சொல்லிடு. தம்பி திரும்பி வந்துடுவான். நீ வரலேன்னா அவன் இந்தக் குடும்பத்துலயே இல்ல."

"உண்மையைத்தானே மாமா சொன்னேன்?"

"உண்மைங்கறதாலதான்டி சொல்லக்கூடாது."

போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மானம் தடுத்தது. இப்போது புழுதிக்குள் சூரியன் வெளிறிப்போய்ச் சரிந்துகொண்டிருந்தது. வாளியைப் பார்த்தாள். காலி. காலையில் நிரப்பிய பீப்பாயைத் திறந்தாள். உள்ளே விரலால் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. கீழே டக், டக் என்று இப்போது பல வாய்கள்.

தொலைபேசியை எடுத்துக் கொபினாவைக் கூப்பிட்டாள்.

"சொல்லுக்கா." அக்கா என்றான். அதுதான் அவளைக் குத்தியது.

"கீழ... கீழ என்னமோ சத்தம்டா."

"தண்ணி வெச்சியா?"

"எங்கடா வெச்சேன்."

"பக்கத்து வீட்டுல வாங்கி வெய்யி. வெச்சுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துடு. ஒண்ணும் கேட்டுடாத. எங்கம்மா அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லும். ஒண்ணும் கேக்கக் கூடாது."

"கொபினா..."

"என்னக்கா?"

திரும்பி வந்துவிடு என்று சொல்ல வேண்டும். "ஒண்ணுமில்ல" என்று வைத்துவிட்டாள். வைத்த பிறகு தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பக்கத்து வீட்டில் வாங்கிய தண்ணீரைச் சுரைக்குடுவைக் கிண்ணத்தில் ஊற்றி, இரு கையாலும் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். கீழே பழைய சுண்ணாம்பு வாடையும் அதற்கடியில் ஆள்வியர்வை வாடையும் இருந்தன, கூட்டமாக ஆட்கள் நெடுநேரம் இருந்த இடத்தில் வருகிற வாடை. கதவின் கீழ்ப்பலகை தேய்ந்து வழவழத்திருந்தது. உட்புறத்திலிருந்து தேய்ந்திருந்தது. சத்தம் நின்றுவிட்டது. கிண்ணத்தைத் தரையில் வைத்தாள்.

தண்ணீர் இறங்கத் தொடங்கியது. விளிம்பு. பாதி. அடி. யாரும் தொடவில்லை.

உள்ளே ஒரு பெருமூச்சு. குடித்து முடித்தவர் விடும் மூச்சு.

ஐம்பது வருடப் பழக்கம் அவள் வாயைத் திறந்துவிட்டது.

"இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். நீங்க வந்த சேதி என்ன?"

சொன்னபின்தான் காதில் விழுந்தது. வாயைப் பொத்திய கைக்குள்ளேயே பல்லைக் கடித்தாள்.

முதலில் ஒரு குரல். வயதான ஆண். ஓர் ஊர்ப் பெயரைச் சொன்னது. தாயின் பெயரைச் சொன்னது. பிறகு ஒரு பெண். பிறகு இருவர். பிறகு எல்லோரும். ஆற்றங்கரை ஊர்கள். கேட்டறியாத ஊர்கள். கழுத்துக் கயிறு. பாதியில் விட்டுவந்த குழந்தை. எந்தச் சந்தை. எத்தனை நாள் நடை. யார் வாங்கினார். வாங்கியவர் பெயர் அவள் வீட்டு நிலைக்கல்லில் செதுக்கிய பெயர்.

காதைப் பொத்தினாள். பொத்திய காதுக்குள்ளும் கேட்டது.

"போதும். தெரியாம கேட்டுட்டேன். போதும்!"

நிற்கவில்லை. கேட்டவள் கேட்டாக வேண்டும்.

திரும்பி ஓடினாள். படிதான் என்று கால் வைத்தாள். நெற்றி இடித்தது. அந்த அறைக் கதவின் தாழ்ந்த நிலை. குனிந்தாள். குனிந்து உள்ளே கால் வைத்ததும் பின்னால் பலகை மூடியது. தாழ் விழுந்தது. வெளியே.

குரல்கள் அடங்கின.

இருட்டு. கையளவு சன்னலில் கொஞ்சம் சிவப்பு வெளிச்சம். சுவரோரம் முழங்கால்கள். வரிசையாக. எண்ண முடியாத முழங்கால்கள். முழங்காலின் பின்னால் ஏதோ இடித்தது. முக்காலி. யாரோ அவளுக்கு இருக்கை போட்டிருந்தார்கள்.

உட்கார்ந்தாள்.

மாடியில் தொலைபேசி அடித்தது. வெகுநேரம் அடித்தது. கொபினாவாகத்தான் இருக்கும். நின்றுபோனது.

கூட்டத்திலிருந்து ஒரு சிறுமி எழுந்து வந்தாள். பத்து வயதிருக்கும். முன்பல்லில் கொபினாவுக்கு இருப்பது போலவே இடைவெளி. இரு கையாலும் கிண்ணத்தை நீட்டினாள், பெரியவர்களுக்குக் கொடுக்கும் மரியாதையோடு. அராபா வாயில் வைத்தாள். அடியில் வெள்ளையாய் உப்பு மட்டும்.

அவள் கிண்ணத்தை இறக்கும்வரை சிறுமி பொறுமையாக நின்றாள்.

"இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்" என்றாள். "நீங்க வந்த சேதி என்ன?"

எல்லா முகங்களும் அராபா பக்கம் திரும்பின. சன்னலில் வெளிச்சம் போய்விட்டது. சொல்ல வேண்டியது அவளுக்குத் தெரியும். மூன்று வாரமாகத் தெரியும். காய்ந்த வாயைத் திறந்தாள்.

டக்.