புரிதல் சான்று

காலை ஏழு மணிக்கு வானகத் தொடர். என் மகள் பெனிட்டா இட்லித் தட்டோடு திரை முன் உட்கார்ந்துவிடுவாள். இன்று நோவாவின் பேழை. மேல்தளத்தில் புறாக்களுக்குத் தானியம் போடும் பெண்ணுக்கு என் மனைவி ஜெசிந்தாவின் முகம். சிரித்தபோது வாயைப் பொத்திக்கொண்டாள். உடைந்த முன்பல்லை மறைக்க அவள் அப்படித்தான் செய்வாள். மென்பொருள் பல்லைக்கூட விடவில்லை.

தாயையோ தந்தையையோ இழந்த குழந்தைகளுக்கு அரசு தரும் அனிமேஷன் தொடர் இது. ஒவ்வொரு மதத்துக்கும் ஒன்று உண்டு. இறந்தவர் அந்த மதத்தின் கதைகளுக்குள் நடமாடுவார். நாற்பது நாள் பார்த்ததும் தேர்வு. மரணம் புரிந்தது என்று சான்று கிடைத்தால்தான் ஒன்றாம் வகுப்பு. அன்றே உருவை அழித்துவிடுவார்கள். தேறாவிட்டால் இன்னொரு நாற்பது நாள்.

பெனிட்டா இரண்டு முறை தேறவில்லை. இன்றும் தவறினால் பள்ளி அடுத்த வருடம்தான்.

பேருந்தில் கேட்டேன். "அம்மா எங்கன்னு கேட்டா என்னட்டி சொல்லுவ?"

"கடைக்குப் போயிருக்கா, வந்துருவான்னு."

"செத்துட்டான்னு தெரியும்லா?"

"தெரியும். நான்தான மண்ணு போட்டேன்."

"பின்ன ஏன் அப்படிச் சொல்லுத?"

"சரியாச் சொன்னா டிவில வரமாட்டாளே. நீங்க காலைல வேற எதுக்கும் எந்திரிக்க மாட்டேங்கியளே."

"இன்னைக்குச் சரியாச் சொல்லு. நான் எந்திரிச்சுருவேன்," என்றேன்.

தேர்வு அறையில் ஆய்வாளர் ரோஸ்லின் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "என்ன பெனிட்டா மேடம், அம்மா இன்னும் கடைலதானா? நாலு மாசமா மூடாம அது என்ன கடை?"

பெனிட்டா சிரிக்கவில்லை. "அம்மா செத்துட்டா. திரும்பி வரமாட்டா. இயேசப்பாட்ட இருக்கா."

ரோஸ்லின் என்னைப் பார்த்துவிட்டு டிக் போட்டார். ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். "இனி நீங்க சொல்லணும் சார். ரெண்டு வரிதான், சொன்னாத்தான் சான்று. குரல் பதிவானதும் உருவம் போயிரும்."

தாளில் இருந்தது: என் மனைவி இறந்துவிட்டாள். பரலோகத்தில் அவளைக் காண்பேன் என்று நம்புகிறேன்.

முதல் வரியைச் சொன்னேன். இரண்டாவதை நான் நம்பவில்லை. அவளைப் பார்க்க எனக்கு ஏழு மணியைத் தவிர வேறு இடம் இல்லை.

"சும்மா வாசிங்க சார். யாரும் சோதிக்கப் போறதில்ல."

"இன்னும் நாப்பது நாள் தருவீங்களா?"

"பிள்ளைக்கு ஒரு வருஷம் போயிருமே."

"தெரியும்."

ரோஸ்லின் ஒன்றாம் வகுப்புப் பட்டியலை எடுத்து ஒரு பெயரின் மேல் கோடு போட்டார். பெனிட்டாவுக்குத் தன் பெயரை வாசிக்கத் தெரியும். மேசை விளிம்பில் தாடையை வைத்து, கோடு முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.