வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு நிற்கும் எலி

"லேப்ல எலி தானா சுத்துது சார். நான்தான் செய்யிறேன்னு சொல்லுதாங்க. இன்னைக்குக் காரணம் தெரியலேன்னா என்னைய வேலைய விட்டு நிறுத்திருவாங்க" என்றாள் சஃப்ரீன். கொடுத்த டீயைத் தள்ளி வைத்தாள்.

மும்பை மாட்டுங்காவில் அவள் தேடி வந்த வைத்தீஸ்வரன், வானொலி நிலையத்தில் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடியே முப்பது வருடம் சம்பளம் வாங்கியவர். பக்கத்தில் அவர் நண்பர் இசக்கிராஜ்: ஆட்டோ வயரிங் மெக்கானிக், எதிலும் ஒரு பேய் கிடைக்காதா என்று ஏங்குபவர்.

தாராவியில் சஃப்ரீன் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில், எலிகளின் மூளைச் செல்கள் சில ஒளிக்கு விழித்துக்கொள்ளும்படி மாற்றப்பட்டிருந்தன. ஒளி பட்டால் எலி இடப்பக்கமாகச் சுற்றும். ஒரு கூண்டில் கண்ணாடி இழை வழியாக ஒளி போகும். அடுத்த கூண்டில் இழை கிடையாது. எலியின் தலையிலேயே அரிசியளவு விளக்கு, கூண்டைச் சுற்றிய கம்பிச்சுருள் அலை அனுப்பினால் எரியும்.

"சுவிட்ச் போடாதப்போ சுத்தறது எது?" என்றார் வைத்தீஸ்வரன்.

"இழை இல்லாத எலிதான் சார். கால் மடங்குற வரைக்கும் சுத்துது. ரூம்ல தனியா நிக்கவே பயமா இருக்கு."

"ஜின்னு, பேயேதான்" என்றார் இசக்கிராஜ் திருப்தியாக.

"இழையைக் கண்டா ஒதுங்கற ஜின்னு உண்டா ஓய்? எப்பலேர்ந்தும்மா?"

"பெருநாள் கழிஞ்சு. வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு மணிக்கு நிக்கும், ரெண்டரைக்கு ஆரம்பிக்கும்."

'எலி தொழுகைக்குப் போகிறது' என்று இசக்கிராஜ் நோட்டில் எழுதிக்கொண்டார்.

"லேப்புக்குக் கீழே யாரு?"

"எங்க வாப்பாதான், காசிம். தனி ஆளா மழைக்கோட்டு ஒட்டுதாங்க."

"சௌக்கியமா இருக்காரா?"

"இருக்காங்க. வேலை செய்யும்போது வெள்ளி மோதிரம் சுடுதுன்னு கழட்டி வச்சிட்டாங்க."

வைத்தீஸ்வரன் இசக்கிராஜின் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். அவர் அவசரப்பட்டு இசக்கிராஜ் பார்த்ததில்லை.

ஆய்வுக்கூடத்தில் எலி சுற்றிக்கொண்டிருந்தது. தலைமை ஆய்வாளர் நகுல் கை கட்டி நின்றார். "போன்லேர்ந்தே ஆன் பண்ணலாம் சார். இந்தப் பொண்ணுதான் பண்றா."

"கீழே இருக்கற பாயையும் கூப்பிடுங்கோ."

காசிம் கை துடைத்தபடி வந்து நின்றார். எலி நின்றுவிட்டது. இசக்கிராஜ் ஒரு அடி பின்னால் போனார்.

"எல்லாரும் வந்தாச்சு, எலியும் நின்னாச்சு" என்றார் வைத்தீஸ்வரன். "பாய், தையலில்லாம பிளாஸ்டிக்கை ஒட்டற மெஷின், பெருநாளுக்கப்புறம் வந்தது. சரியா?"

"சரிதான்."

"அதுவும் அலை அனுப்பித்தான் ஒட்டும். யாரோட அலைன்னு எலித்தலை விளக்குக்குத் தெரியாது. நீங்க பெடலை மிதிச்சா எரியும், ஜும்மாத் தொழுகைக்குப் போனா அணையும். இழையில ஒளி வாங்கற எலிக்கு ஒண்ணும் ஆகாது. மெஷின்ல அலையைத் தடுக்க ஒரு தகர மூடி இருந்திருக்குமே?"

"கை போக இடைஞ்சலா இருந்துச்சு. கழட்டிட்டேன்."

"ஸாரி சஃப்ரீன், நீ வேலையில இரு" என்றார் நகுல்.

அவள் காதில் அது விழவில்லை. வாப்பாவின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மோதிரம் இருந்த இடத்தில், வட்டமாகக் கொப்புளம்.

"மாடியில இருக்க எலிக்கே இந்தப் பாடுன்னா சார், பக்கத்துல நிக்கிறவங்களுக்கு?"

"மோதிரத்தைச் சுட்டதும் அந்த அலைதான். முதல்ல டாக்டரைப் பார்ப்போம்" என்றார் வைத்தீஸ்வரன்.

"முப்பது கோட்டு பாக்கி இருக்கு. முடிச்சிட்டு வாரேன்" என்று காசிம் படிக்குத் திரும்பினார். சஃப்ரீன் அவரைத் தள்ளிக்கொண்டு முன்னால் இறங்கி ஓடினாள். கீழே மெயின் சுவிட்ச் விழும் சத்தம் கேட்டது.

அன்று எலி மறுபடி சுற்றவில்லை. கிழமை செவ்வாய்.