பச்சை உடம்புக்குக் காவல்

விடியற்காலையில் அரிசி டிரம்முக்குள் முழங்கை வரை கைவிட்டுப் புதைத்து வைத்த கத்தரி, பூமாரி பல் விளக்கிவிட்டுத் திரும்பியபோது மறுபடியும் தொட்டிலுக்குக் கீழே கிடந்தது. யாரோ துடைத்துத்தான் வைத்திருந்தார்கள். ஆனாலும் அதன் ஸ்பிரிங் இடுக்கில் ஓர் அரிசி சிக்கியிருந்தது.

பேய் ஒன்றும் கொண்டுவந்து போடவில்லை. அவளைப் பெற்ற சங்கிலியம்மாள்தான் போட்டது. பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரியை இரும்பில்லாமல் விட்டால் காத்துக் கருப்பு அண்டும் என்பது சுருளிப்பட்டியில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். மற்ற வீடுகளில் பாக்குவெட்டியோ பழைய ஆணியோ போதும். இது திராட்சைத் தோட்டக்காரர் வீடு. கொடியைக் கவாத்து பண்ணும் கத்தரியை விட்டால் வேறு நல்ல இரும்பு ஏது? கட்டைவிரல் தடிமன் கொடியை ஒரே நறுக்கில் எடுத்துவிடும். கொக்கி உடைந்துபோனதால் அமுக்கிப் பிடித்திருந்தால்தான் அதன் வாய் மூடும். பிடியை விட்டால் ஸ்பிரிங் தள்ளித் தானாகத் திறந்துகொள்ளும். இருபத்துமூன்று நாளாகத் தொட்டிலுக்குக் கீழே அது வாயைத் திறந்தபடியேதான் கிடக்கிறது.

முதல் வாரம் ஒன்றுமில்லை. எட்டாம் நாள் பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கும்போது அந்தச் சின்ன விரல்களைப் பார்த்தாள். திராட்சைத் தளிர் மாதிரி இருந்தன. அடுத்த நொடியே கத்தரியின் நினைப்பு வந்தது. அவள் கூப்பிடவில்லை, அதுவாக வந்தது. அன்றிலிருந்து போகவில்லை. பால் கொடுக்கையில், துணி மாற்றுகையில், பிள்ளை கொட்டாவி விடுகையில், நறுக்கென்று அந்தச் சத்தம் காதுக்குள் கேட்கும். உயிரையே வைத்திருக்கும் பிள்ளைக்குத் தானே எமனாகிவிடுவோமோ, வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிடுமோ என்று பயந்தாள். நினைப்பு வரும்போதெல்லாம் போய்க் கைகளைக் கழுவினாள். இருபத்தொரு தடவை. எண்ணிக்கை தப்பினால் முதலிலிருந்து. புறங்கைத் தோல் வெடித்து, மஞ்சள் பட்டால் எரிந்தது. இரவில் கைகளைத் தொடைக்கடியில் போட்டு அமுக்கிக்கொண்டு படுத்தாள். தூக்கம் என்பது வேறு யாருக்கோ உள்ள சங்கதியாகிவிட்டது.

அன்று காலை கிராம நர்ஸ் ஷீபா வந்தாள். குமுளிப் பக்கத்துக்காரி, பேச்சில் மலையாள வாடை வீசும். பிள்ளையை எடை போட்டுவிட்டு பூமாரியைப் பார்த்துக் கேட்டாள்.

"உறக்கம் உண்டா? மனசுல பயம், வேண்டாத நினைப்பு ஏதாச்சும் வருதா?"

"அதெல்லாம் நல்லாத் தூங்குறா, ராசாத்தி கணக்கா இருக்கா" என்றாள் சங்கிலியம்மாள்.

"கை ஏன் இப்படி?"

"சோப்பு ஒத்துக்கல." அதற்கும் சங்கிலியம்மாளே முந்திக்கொண்டாள்.

ஷீபா பூமாரியின் பக்கம் திரும்பினாள். "நினைப்பு வர்றது தப்பு இல்ல. நிறைய அம்மாமாருக்கு வரும், மருந்து உண்டு. எனக்கு போன் பண்ணணும், கேட்டோ?" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்தப் பேச்சுத்தான் தைரியம் கொடுத்தது. மத்தியானம் பூமாரி வாயைத் திறந்தாள்.

"ஆத்தா, பிள்ளைய நானே ஏதும் செஞ்சிருவேனோன்னு பயமா இருக்கு. அந்தக் கத்தரிய எடுத்துரு. கண்காணாத எடத்துல போட்டுரு."

தாயறியாத சூலா என்பார்கள். சங்கிலியம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுகை அடங்கியதும், குறி சொல்லும் கோடாங்கியிடம் பேசப் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் மஞ்சள் கயிறு இருந்தது.

"கோடாங்கி போன்லயே சொல்லிட்டாக. ஒன்னையப் புடிச்சிருக்குறது இரும்புக்குத்தான் அஞ்சுமாம். நான் திருநீறு வாங்கிட்டு வார வரைக்கும் இரும்பு ஒன் கையவிட்டுப் போகக் கூடாது. புள்ள மடியவிட்டு எறங்கக் கூடாது."

"வேணாம் ஆத்தா. நான் சொல்றது அது இல்ல. அந்த நர்ஸக் கூப்பிடு."

"நீ சொல்லல தாயி. அதுதான் சொல்லுது."

பூமாரிக்கு எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. பதினைந்து நாளாக வராத தூக்கம் கண்ணில் மண்ணாகக் கிடந்தது. ஆத்தா அவளைச் சுவரோரம் உட்காரவைத்து, இடக்கையில் பிள்ளையைக் கிடத்தினாள். வலக்கையில் கத்தரியை வைத்து, விரல்களை மடக்கி, உள்ளங்கை முதல் மணிக்கட்டு வரை கயிற்றால் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். கட்டி முடித்து அந்தக் கைக்கு முத்தம் கொடுத்தாள். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. ஆட்டோ கிளம்பியது.

ஆடிக் காற்று மலையிலிருந்து இறங்கி அடைத்த ஜன்னலில் மோதிக்கொண்டிருந்தது. ஓடுகள் கடகடத்தன. சாம்பிராணியும் பால்வீச்சமும் கலந்த புழுக்கம். பூமாரி கத்திப் பார்த்தாள். அக்கம்பக்கத்தார் எல்லோரும் தோட்டத்தில். அவள் குரலைக் காற்று வாசலிலேயே தின்றது. அவளுடைய போன் அலமாரி மேல் இருந்தது, எடுக்கக் காலியாக ஒரு கை இல்லை.

வலக்கையைப் பக்கவாட்டில் நீட்டினாள். பிள்ளையைவிட்டு எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம். இறுக்கி அமுக்கினாள். வாய் மூடியிருந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணினாள்.

பல்லால் கடித்து முடிச்சை அவிழ்க்கலாம். அதற்குக் கத்தரியைப் பிள்ளைக்கு மேலாகக் கொண்டுவர வேண்டும். பிள்ளையைக் கீழே கிடத்தலாம். தலைக்கு அணை கொடுக்க இன்னொரு கை வேண்டும். அந்தக் கையை அவள் நம்பவில்லை.

ஒரு மணி நேரம் போயிருக்கும். தோள் எரிந்தது. பிறகு எரியவில்லை, மரத்தது. நீட்டிய கை ஒரு விரற்கடை இறங்கியது. இன்னொரு விரற்கடை. எண்ணிக்கை தப்பியது. முதலிலிருந்து தொடங்கினாள்.

பிள்ளை விழித்தது. பசி. முகத்தைத் திருப்பித் திருப்பி மார்பைத் தேடியது. அவளுக்குப் பால் கசிந்து ரவிக்கை நனைந்தது.

"இருடா சாமி. அம்மாச்சி வந்துரும். இரு."

கை தொடையைத் தொட்டது.

பிடி தளர்ந்தது. ஸ்பிரிங் மெல்லத் தள்ளியது. வாய் திறந்தது.

பிள்ளை கையை வீசியது. பிறந்த குழந்தை கையில் எது பட்டாலும் பிடித்துக்கொள்ளும். இரும்பைப் பிடித்துக்கொண்டது. மூன்று விரல்கள் உள்ளே.

இத்தனை நேரம் இறுக்கியவள் இனி இறுக்கக் கூடாது. கையை இழுக்கவும் கூடாது.

முழங்கையிலிருந்து ஒரு நரம்பு சுண்டியது. மரத்துப்போன விரல்கள், அவளைக் கேளாமல், ஒவ்வொன்றாக உள்ளே மடங்கத் தொடங்கின. பிள்ளை பால் வருமென்று வாயை அசைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தது.