புகைக்கூண்டுக்குள் நின்ற வேடியப்பன்

நாங்கள் துரை பங்களாவுக்குப் போனபோது உச்சிவேளைதான். வத்தல்மலையை மேகம் மூடியிருந்ததால் பொழுது சாய்ந்த மாதிரி கிடந்தது. ஜெர்மன் சண்டை நடந்த காலம், ஐப்பசி மாதம். என் வீட்டுக்காரர் சென்றாயன் கொத்தனார், நான் அவருக்குச் சித்தாள். துரைக்குக் குளிர்கிறதாம், கணப்பு மூட்டினால் புகை அறைக்குள்ளேயே வருகிறதாம்.

சுற்றிலும் கருங்கல் சுவர். கணப்புக்கு இடுப்பளவு வாய், அதற்குமேல் கூரையைத் தாண்டிப் போகிற புகைக்கூண்டு. வெயில் கொளுத்துகிற ஊரில் வீட்டுக்குள் நெருப்பு வளர்க்க இடம் கட்டியிருக்கிறான், கொழுப்பைப் பாருங்கள்!

கட்டியது என் மாமனார். அப்போதிருந்த துரை, ஏரிக்கரையில் நின்ற எங்கள் காவல்சாமி வேடியப்பன் கல்லையும் பெயர்த்து வந்து கணப்புக்கு மேலே பதிக்கச் சொன்னானாம். வெள்ளைக்காரன் கண்ணில் சாமி முகம் படவேண்டாமென்று மாமனார் உருவத்தைப் புகைக்கூண்டின் உள்பக்கம் திருப்பிவைத்துக் கட்டிவிட்டார். உள்ளே புகை வருமென்று அவர் கண்டாரா? நம் பக்கம் யார் வீட்டில் கணப்பு இருந்தது?

என் வீட்டுக்காரர் கணப்புக்குள் குனிந்து நுழைந்து உள்ளே நிமிர்ந்தார். கால்கள் மட்டும் தெரிந்தன. முடி கருகும் வாடை அடித்தது.

"சாமி மூஞ்சியெல்லாம் கரி புள்ள. பாவமா இருக்குது. தொடச்சு வுடறேன்."

"பூசை போடாம கைய வெக்காதீங்க. வெளிய வாங்க."

துணி உரசும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"புள்ள... மூச்சு வுடுது."

குனிந்து பார்த்தேன்.

நான்கு கால்கள்.

சுத்தியல் விழுந்து கட்டைவிரல் நகம் கறுத்த கால் என் வீட்டுக்காரருடையது. அதற்கு எதிரே இன்னும் இரண்டு.

"வேடியப்பா, என் தாலிய வுட்டுடு!"

அந்த நேரம் பார்த்துக் கரி பொலபொலவென்று கொட்டியது. கண்ணை மூடிக்கொண்டு, கைக்கு அகப்பட்ட காலைப் பிடித்து இழுத்தேன். தலையிலிருந்து கால்வரை கரியாக வந்து விழுந்தார். உயிர் பிழைத்தாரே என்று கட்டிக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் மூலையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். குளிக்க வரவில்லை, சோற்றைத் தொடவில்லை. முகத்தைத் திருப்பப் பார்த்தேன், கழுத்து அசையவில்லை.

விடிந்ததும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தேங்காய், கற்பூரத்தோடு பங்களாவுக்கு ஓடினேன். சமையல்காரர் வெங்கடாசலம் வாசலிலேயே காத்து நின்றார்.

"கல்லு திரும்பிருச்சும்மா. யாரும் தொடலீங்க."

கணப்புக்கு மேலே சுவரில் காரை துளியும் பெயரவில்லை. உருவம் அறையைப் பார்த்து நின்றது. வாய் எதையோ கத்தின மாதிரி திறந்திருந்தது. நான் காலைப் பார்த்தேன்.

கல்லில் கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது.

ஐயோ, நான் யாரை இழுத்து வந்தேன்?

எப்படி வீடு வந்தேனோ தெரியாது. மூலையில் அது அப்படியே நின்றது. பசியில் அழுத குழந்தைக்குக் கஞ்சி வைக்க அடுப்பைப் பற்றவைத்தேன்.

"பொகை வேண்டாம் ஆத்தா," என்றது சுவரைப் பார்த்தபடி.

என் வீட்டுக்காரர் என்னை ஒருநாளும் ஆத்தா என்று கூப்பிட்டதில்லை.