ஆளில்லாத வீட்டின் படம்

கதவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு குதிகால் தெரிந்தது.

அவள் படத்தை நிறுத்திப் பெரிதாக்கினாள். கதவு பாதி திறந்திருந்தது. அதன் அடிவிளிம்பை ஒட்டி, வெளிறிய டைல்ஸ் தரையில், வெடிப்பு விழுந்த ஒரு வெறுங்காலின் பின்பகுதி. கதவுக்குப் பின்னால் ஒருவர் சுவரைப் பார்த்தபடி நின்றால் எப்படித் தெரியுமோ அப்படி.

"ஒழுங்கா ஒளியக்கூடத் தெரியல இவனுக்கு," என்று தம்பியைத் திட்டிச் சிரித்துக்கொண்டாள்.

அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்தும் சின்ன நிறுவனம் அவர்களுடையது. கம்பெனிகளுக்குப் படம் எடுத்துக் கொடுப்பார்கள். புதுப் பொருளை அறிமுகம் செய்யும் விழாக்களில் சுவர் சுவராக விரியும் காட்சிகளைச் செய்து கொடுப்பார்கள். தம்பி படம் பிடிப்பான். அவள் வெட்டி, ஒட்டி, துடைத்து முடிப்பாள். இந்த முறை பொருள், சத்தமே போடாத ஏசி. விழா மண்டபத்தின் ஒரு கூடம் முழுக்க, நான்கு சுவர்களிலும் தரையிலும், விடியற்காலை நேரத்து வீடு ஒன்று ஓட வேண்டும். பார்க்க வருகிறவர் அந்த வீட்டுக்குள்ளேயே நிற்பதுபோல் உணர வேண்டும். திரைச்சீலை அசையும், வெயில் தரையில் மெல்ல ஊர்ந்து வரும், ஆள் ஒருவரும் இருக்கக்கூடாது. "வர்றவங்களுக்குத் தங்களோட மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேக்கணும்," என்று கம்பெனி மேலாளர் சொல்லியிருந்தார்.

அதற்காகத் தம்பி ஒரு காலி வீட்டைப் பிடித்திருந்தான். சுற்றிலும் பார்க்கும் கேமரா அது. அதற்கு முன்பக்கம் பின்பக்கம் என்று கிடையாது. ஓடவிட்டுவிட்டுப் படம் பிடிப்பவர் வீட்டைவிட்டே வெளியே போய்விட வேண்டும். போக நேரமில்லாமல் கதவுக்குப் பின்னால் ஒண்டியிருக்கிறான் என்று நினைத்தாள்.

படத்தில் பக்கத்திலிருந்தே ஒரு துண்டுத் தரையையும் ஒரு துண்டுச் சுவரையும் எடுத்துக் குதிகாலின் மேல் வைத்தாள். இதற்கு அவள் வைத்திருந்த பெயர் ஒட்டு. கேமராவின் கால், கண்ணாடியில் விழுந்த பிம்பம், மேசையில் மறந்து வைத்த டம்ளர், எல்லாவற்றையும் அவள் ஒட்டுப் போட்டு மறைத்துவிடுவாள். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொன்னா, எங்கக்கா பூசணித் தோட்டத்தையே மறைச்சுக் காட்டுவா," என்பான் தம்பி.

வேலையை முடித்துவிட்டு அவனுக்குப் போன் செய்தாள்.

"ஏன்டா, படம் ஓடும்போது கதவுக்குப் பின்னாடிதான் நிப்பியா? கால் தெரியுது."

"நானா? நான் வெளிய வண்டியில உக்காந்து தூங்கிட்டு இருந்தேன்க்கா."

"அப்ப கூட யாரையாவது கூட்டிட்டுப் போனியா?"

"ஒத்தையாத்தான் போனேன். வீட்டுக்காரர் சாவியக் கையில குடுத்ததோட சரி, அப்புறம் அந்தப் பக்கமே வரல." அவன் சிரித்தான். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி. போய் ஒரு டீ குடி."

அவள் டீ குடிக்கவில்லை. அடுத்த காட்சியைத் திறந்தாள்.

நிறம் சரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அவளுடைய அறையின் சன்னல்களைக் கறுப்புக் காகிதம் ஒட்டி அடைத்திருந்தார்கள். வெளியே நல்ல பகல். தெருவில் யாரோ வண்டியைப் பின்னால் எடுக்கும் சத்தமும், மாடிப்படியில் ஆட்கள் பேசிக்கொண்டே இறங்கும் சத்தமும் மங்கலாகக் கேட்டுக்கொண்டிருக்க, உள்ளே திரையின் நீல வெளிச்சமும், சூடேறிய கம்ப்யூட்டர்களின் தூசி வாசனையும், அவளும் மட்டும்தான். திரையில் அந்த வீட்டின் கூடம் திறந்தது. சோபா. திரைச்சீலை. அலமாரி.

அலமாரிக்கும் சுவருக்கும் இடையே இருந்த இடுக்கில் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

சாயம் போன சட்டை. தொங்கும் கைகள். நெற்றி சுவரில் படும் அளவுக்கு நெருங்கி நின்றிருந்தான்.

அவள் படத்தை வேகமாக ஓடவிட்டாள். திரைச்சீலை படபடத்தது. வெயில் சன்னலிலிருந்து இறங்கித் தரையைக் கடந்து சோபாவில் ஏறியது. அவன் அசையவில்லை. உயிருள்ள யாரும் அவ்வளவு நேரம் அசையாமல் நிற்க முடியாது. கால் மாற்றுவார்கள், தோள் தளரும், மூச்சுக்கு முதுகாவது ஏறி இறங்கும். இவனுக்கு அதுவும் இல்லை. பொம்மை என்று நினைக்கப் பார்த்தாள். பொம்மைக்குக் குதிகாலில் வெடிப்பு இருக்குமா?

தம்பியை மறுபடி கூப்பிட்டிருக்கலாம். கம்பெனிக்குச் சொல்லி இன்னொரு வீட்டில் எடுத்திருக்கலாம். ஆனால் விழா மறுநாள் காலை. மேலாளர் ஏற்கெனவே மண்டபத்துக்குப் போய்விட்டார். அதையெல்லாம்விட, அந்த முதுகு கண்ணில் படாமல் போனால் போதும் என்றிருந்தது அவளுக்கு. ஒட்டை எடுத்தாள். தோளை மூடினாள். தலையை மூடினாள். கைகளை, கால்களை. கடைசியில் வெறும் சுவர்.

படுக்கையறைக் காட்சியில் அவன் இடுக்கில் இல்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். இடுப்பை வளைத்து, தலையணைக்கு மேலே குனிந்து, தூங்குகிறவன் முகத்தை உற்றுப் பார்க்கிறவனைப்போல. கட்டிலில் யாரும் இல்லை. விரிப்பு மட்டும் கசங்கியிருந்தது. தலையணையில் ஒரு தலையின் பள்ளம்.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். விடியல் வெளிச்சத்துக்காகத் தம்பி அந்த வீட்டிலேயே தங்கியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தக் கட்டிலில்தான் அவன் படுத்திருக்க வேண்டும்.

பாதிக் கண்ணை மூடிக்கொண்டு, குனிந்து நின்றவனையும் அழித்தாள். ஒட்டு இரண்டுமுறை விலகியது. மூன்றாவது முறை பொருந்தியது. படத்தில் இப்போது ஆளில்லை.

போன் அடித்தது. தம்பியின் மனைவி.

"அண்ணி, வேலையா இருக்கீங்களா?" குரல் தாழ்ந்திருந்தது, பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல. "உங்க தம்பி அந்த வீட்டுல இருந்து வந்ததுல இருந்து ஒரு மாதிரியா இருக்கு."

"உடம்பு சரியில்லையா அவனுக்கு?"

"அவருக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்காரு. எப்பவும்போலக் கிண்டலு." அவள் கொஞ்சம் தயங்கினாள். "நீங்க சிரிக்கக்கூடாது. நேத்து ராத்திரி அவரு தண்ணி குடிக்க எந்திரிச்சுப் போனாரு. திரும்பி வந்து படுத்தாரு. கட்டில் அமுங்குச்சு. கொஞ்ச நேரங்கழிச்சு மறுபடி கட்டில் அமுங்குச்சு அண்ணி. அந்தப் பக்கம். அவருக்கு அந்தப் பக்கம்."

அக்கா போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

"நான் திரும்பிப் பாக்கல," என்றாள் அவள். "பாத்திருக்கணுமா அண்ணி?"

"இப்ப அவன் எங்க?"

"மண்டபத்துக்குக் கிளம்பிட்டாரு. உங்களப் பாக்கத்தான்."

படத்தை ஓட்டிப் பார்க்க அவளும் உடனே மண்டபத்துக்குப் போனாள். படம் ஓட வேண்டிய கூடம் அதன் நடுவில் இருந்தது. நான்கு பக்கமும் தற்காலிகமாக எழுப்பிய வெள்ளைச் சுவர்கள், மேலே கறுப்புத் துணி, தரையில் அன்றுதான் ஒட்டிய தடித்த கம்பளம். பசையின் காரமான வாசனை மூக்கில் ஏறியது. ஒரு மூலையில் துணித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அவளுடைய மேசையும் கம்ப்யூட்டரும். தம்பி இன்னும் வந்து சேரவில்லை. அவனுக்குப் போன் செய்தாள், எடுக்கவில்லை.

"வெளிச்சம் ஒரு ஊசிமுனை உள்ள வரக்கூடாதும்மா," என்று சொல்லிக்கொண்டே மண்டபத்துப் புரொஜெக்டர்காரர் கதவைச் சாத்தினார். பகல் அப்படியே அறுந்து போயிற்று. "ஓட்டிப் பாருங்க. நான் தடுப்புக்குப் பின்னாடிதான் இருக்கேன்."

ஓட்டினாள்.

இருட்டிலிருந்து வீடு எழுந்து வந்து அவளைச் சூழ்ந்தது. வலப்பக்கம் சன்னல், இடப்பக்கம் அலமாரி, எதிரே பாதி திறந்த கதவு, காலடியில் வெளிறிய டைல்ஸ். திரைச்சீலை ஆளுயரத்துக்கு அசைந்தது. அவள் ஒவ்வொரு இடமாகப் பார்த்தாள். கதவோரம் வெறும் தரை. இடுக்கில் வெறும் சுவர். அடைத்துக்கொண்டிருந்த மூச்சை விட்டாள்.

சப்.

பின்னால். ஈரமில்லாத வெறுங்கால் டைல்ஸில் படியும் சத்தம்.

சப். கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி. சப்.

படத்தைத் துடைத்தோமே, சத்தத்தைத் துடைக்க மறந்துவிட்டோமே என்று நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. காலி வீட்டில் மைக் பிடித்த சத்தம், அவ்வளவுதான், ஒரு பட்டனில் போய்விடும்.

"அண்ணே, ஸ்பீக்கரக் கொஞ்சம் நிறுத்துங்க."

"ஸ்பீக்கரா?" தடுப்புக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அதுக்கு இன்னும் ஒயரே இழுக்கலையேம்மா. அத எடுக்கத்தான் கீழ போறேன்."

ஒரு கதவு திறந்து மூடியது.

சப். சப்.

அவள் தரையைத் தொட்டுப் பார்த்தாள். கம்பளம். தடித்த கம்பளம். அதில் நடந்தால் சத்தமே வராது. டைல்ஸ் வெறும் வெளிச்சம்.

எதிர்ச் சுவரோரம் துணி விலகியது. தம்பி உள்ளே வந்தான், மணிக்கட்டில் வளையல்போல ஒரு டேப் சுருளை மாட்டிக்கொண்டு. கூடத்தின் நடுப்பகுதியில் யாராவது நின்றால் புரொஜெக்டர் வெளிச்சத்தை மறைத்து, சுவரில் நிழல் விழும். எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக்கூடாது என்று தரையில் டேப் ஒட்டுவது அவன் வேலை.

"போன எடுக்கவேமாட்டியா?" அவள் குரல் கிறீச்சிட்டது. "வெளிய போடா. முதல்ல வெளிய போ."

"வந்தவுடனே விரட்டுற. ஏன், படத்துல என் கால் மட்டும்தான் தெரிஞ்சுதா, மூஞ்சியும் தெரியுதா?" சிரித்துக்கொண்டே நடுவுக்கு வந்தான்.

சப் சப் சப் சப்.

காலடிகள் அவளைத் தாண்டிப் போயின. காற்றுகூட அசையவில்லை. வேகமாக, குழந்தை ஓடுவதுபோல, தம்பியை நோக்கி.

நின்றுவிட்டன.

அவள் கண்ணை அகல விரித்துப் பார்த்தாள். தம்பியைச் சுற்றிலும் ஒன்றுமில்லை. அப்போதுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று புரிந்தது. அந்த வெறுங்கால்காரன் எங்கே நிற்கிறான் என்று காட்டிக்கொண்டிருந்தது அந்தப் படம் ஒன்றுதான். அதிலிருந்து அவனை அவளே, துண்டு துண்டாக, துளி தெரியாமல் மறைத்திருந்தாள்.

"தம்பி. அசையாத."

"என்னக்கா?"

"அப்படியே நில்லு."

மேசைக்குத் தாவினாள். ஒட்டுகளைத் தேடினாள். கதவு ஒட்டு, நீக்கினாள். அலமாரி ஒட்டு, நீக்கினாள். கட்டில். அதையும். தம்பி எடுத்துக் கொடுத்தபடியே அந்த வீடு மறுபடி சுவர்களில் விரிந்தது.

கதவுக்குப் பின்னால் யாருமில்லை.

இடுக்கில் யாருமில்லை.

காட்சியை மாற்றினாள். கட்டில், கசங்கிய விரிப்பு, தலையணை. அங்கும் யாருமில்லை. அவள் கண்ணால் பார்த்து, கையால் அழித்த இடங்கள் எல்லாம் காலி.

"என்னக்கா, பேயறஞ்ச மாதிரி நிக்கிற? படம் நல்லாத்தானே வந்திருக்கு?"

நான்கு பக்கத்து வெளிச்சமும் தம்பியின் மேல் விழுந்திருந்தது. நான்கு சுவர்களிலும் அவனுடைய நிழல். டேப் சுருள் மாட்டிய கையோடு, தலையைச் சாய்த்த அவனுடைய நிழல்.

அவற்றின் பின்னால் இன்னொன்று.

உயரமாக. இடுப்பை வளைத்து. அவன் தோளுக்கு மேலாகக் குனிந்து.

நான்கு சுவர்களிலும்.

தம்பியைப் பார்த்தாள். அவன் பின்னால் வெறும் காற்று. சுவரைப் பார்த்தாள். உயரமான நிழலிலிருந்து ஒரு கை பிரிந்தது. நீண்டது. தம்பியின் நிழலுடைய முகத்தைச் சுற்றி வளைத்து, வாய் இருக்கும் இடத்தில் படிந்தது.

"என் பொண்டாட்டி சொல்றதையெல்லாம் கேட்டு நீ..." என்று ஏதோ கிண்டலாக ஆரம்பித்த தம்பியின் குரல் பாதியில் அறுந்தது.

அவன் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. முதலில் சிரிப்போடு. பிறகு சிரிப்பில்லாமல். கை தொண்டைக்குப் போயிற்று. கண்கள் விரிந்தன. அக்கா என்றுதான் அந்த உதடுகள் அசைந்தன. மறுபடியும், மறுபடியும்.

சத்தமே வரவில்லை.

நான்கு சுவர்களிலும் அந்தக் கை இறுகியது.