கோலமாவில் ஒரு பூங்கா

மோனிஷாவின் தெருக்கோடியில் ஒரு நீளமான காலி மனை இருந்தது. போன வருஷம் வரை அது குப்பைமேடு. மூக்கைப் பிடிக்காமல் யாரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். மாநகராட்சி ஆட்கள் லாரி லாரியாகக் குப்பையை அள்ளி, மனையைச் சமமாக்கினார்கள். அங்கே பூங்கா வரப் போகிறதாம்!

பெரிய காஞ்சிபுரத்தில் அந்தத் தெருக்காரர்களுக்குப் பக்கத்தில் பூங்காவே கிடையாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை அந்த மனையில் நடந்த பகுதி சபைக் கூட்டத்துக்குத் தெருவே திரண்டு வந்தது. ஐந்தாம் வகுப்பு படிக்கும் மோனிஷாவும் அப்பாவோடு வந்தாள்.

கவுன்சிலர் வேல்முருகன் ஒரு வரைபடத்தை உயர்த்திக் காட்டினார்.

"நடுவுல பெரிய நீரூற்று! கலர் லைட் போட்டா சும்மா ஜொலிக்கும். அதைச் சுத்தி நடைபாதை. எப்படி?"

எல்லோரும் கைதட்டினார்கள். மோனிஷாவின் அப்பா ரிஷபதாஸ்தான் பலமாகத் தட்டினார். அவருக்குச் சர்க்கரை நோய். தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தெருவில் இறங்கினால் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தே ஓரம்கட்டின.

கைதட்டல் ஓய்ந்ததும் காந்தா எழுந்தார். அவர் பட்டு நெசவு செய்பவர். மோனிஷாவின் வகுப்புத் தோழன் அஜித்தின் அம்மா.

"அப்போ நாங்க எங்கங்க பாவு போடறது?"

சேலையின் நீளவாட்டில் ஓடும் இழைகள்தான் பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன், அதை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழைகளை முடிந்து சரிசெய்ய வேண்டும். முன்பு தெருவிலேயே செய்தார்கள். வண்டிகள் பெருகிய பிறகு அங்கே முடியவில்லை. குப்பை போனதிலிருந்து, காலை வேளையில் நெசவாளர்கள் இந்த மனையில்தான் பாவு போடுகிறார்கள்.

"பார்க் வேணுமா, பாவு வேணுமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"பழையபடி தெருவுலயே போட்டுக்கங்களேன்மா" என்றார் ரிஷபதாஸ். யோசிக்காமல் சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். யார் பேசுகிறார்கள், யார் கேட்கிறார்கள் என்றே தெரியவில்லை. ஒரே கூச்சல். மாநகராட்சிப் பொறியாளர் கிரேஸ் கையை உயர்த்தி, உயர்த்தி, கடைசியில் விசில் அடித்தார். கூட்டம் அடங்கியது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை காலையில இங்கேயே கூடுவோம். அன்னிக்கும் நீங்க ஒத்துப்போகலைன்னா, இந்தப் பூங்கா வேற வார்டுக்குப் போயிடும். எனக்கும் அது வருத்தமாத்தான் இருக்கும்" என்றார்.

மறுநாள் பள்ளியில் அஜித் வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டான். மதியம் அவன் கொண்டுவந்த புளியோதரையில் ஒரு பருக்கைகூட மோனிஷாவுக்கு வரவில்லை.

"ஏன்டா பேச மாட்டேங்கற?"

"உங்கப்பா சொன்னாரில்ல, தெருவுல போடுங்கன்னு? போன தடவை தெருவுல போட்டப்போ ஒரு பைக் பாவுக்குள்ள பூந்துடுச்சி. எங்கம்மா அன்னிக்கு அழுதுகினே இருந்தாங்க. தெரியுமா?"

மோனிஷாவுக்கு அது தெரியாது. அப்பாவுக்கும் தெரிந்திருக்காது.

மாலையில் வீட்டுக்குப் போகும் வழியில், ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியிருந்த பூங்கா வரைபடத்தின் முன் நின்றாள். அதில் நீரூற்று அவளுடைய கட்டைவிரல் அளவுதான் இருந்தது. ஓரமாக அளவுகளும் எழுதியிருந்தன. நிஜத்தில் இந்த வட்டம் எவ்வளவு பெரிசு? எங்கே வரும்? கூட்டத்தில் கத்திய யாருக்காவது அது தெரியுமா?

சனிக்கிழமை மாலை அஜித் வீட்டு வாசலில் போய் நின்றாள். கையில் ஒரு வாளி.

"அப்பா சொன்னது தப்புதான்டா. ஆனா பார்க்கும் நல்லதுதான? ரெண்டும் அங்க இருக்க முடியுமான்னு வரைஞ்சி பாக்கலாம், வா."

"எதுல வரையறது?"

"தரையிலதான். எங்க வீட்டுக் கோலமாவு மொத்தமும் இதுல இருக்குது. அம்மாவுக்கு இன்னும் தெரியாது."

அஜித் சிரிப்பை அடக்கப் பார்த்தான். முடியவில்லை. உள்ளே ஓடி, அளவு நாடாவும் ஒரு கயிறும் எடுத்துவந்தான்.

மனையின் நடுவில் ஒரு குச்சியை நட்டு, அதில் கயிற்றைக் கட்டி, இருவரும் சுற்றி வந்து வட்டம் போட்டார்கள். அது முடிந்ததும் வாயைப் பிளந்தார்கள். கட்டைவிரல் அளவு இருந்த நீரூற்று, அவர்கள் வகுப்பறையை விடப் பெரிதாக இருந்தது! அதைச் சுற்றி நடைபாதையையும் வரைந்துவிட்டு, தும்மிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். இரண்டு பேர் தலையும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. மனையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, இடுப்பு உயரத்தில் அரக்கு நிறப் பாவு ஒன்று நீண்டிருந்தது. காந்தா கஞ்சி தடவிக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கு வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். பாவு, கோலமாவு நீரூற்றின் மேலே நேராக ஓடியது.

"இது யார் போட்டது?" என்றார் கிரேஸ்.

"நாங்கதான் மேடம். உங்க படத்துல இருந்த அளவுதான்" என்றாள் மோனிஷா. பிறகு அப்பாவின் கையைப் பிடித்தாள். "அப்பா, நடைபாதையில ஒரு சுத்து நடங்கப்பா."

ரிஷபதாஸ் உற்சாகமாகக் கிளம்பினார். பாவு குறுக்கிட்டது. குனிந்து, தவழாத குறையாக அடியில் புகுந்து போனார். பாதி வட்டம் போனதும் மறுபடியும் பாவு. மறுபடியும் குனிந்தார். இந்தத் தடவை நிமிர முடியவில்லை.

"பாத்து, பாத்துங்க! தலை பட்டா இழை அறுந்துடும்" என்று பதறி வந்த காந்தா, கைகொடுத்து அவரை எழுப்பிவிட்டார்.

ரிஷபதாஸ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அவ்வளவு நெருக்கத்தில் அந்த இழைகளைப் பார்த்தார். ஒவ்வொன்றும் தலைமுடியைப் போல இருந்தது.

"இதைப் போயி தெருவுல போடச் சொல்லிட்டனே... மனசுல வெச்சிக்காதீங்கமா" என்றார் மெதுவாக.

"பரவாயில்லீங்க. நீங்க நடக்கறதுக்கும் இடம் வேணும்தான?" என்றார் காந்தா.

மோனிஷா அதற்காகவே காத்திருந்தவள்போல ஓடிப்போய், வட்டத்தைக் காலால் அழித்தாள்.

"பாவு அந்த மதில் ஓரமா நேரா போகட்டும். நடைபாதை இந்தப் பக்கமா நீளமா சுத்தி வரட்டும். நடுவுல இது இல்லைன்னா ரெண்டும் இடிக்காது."

"மரமெல்லாம் நடைபாதை பக்கமே வைங்க. பாவு மேல காக்கா எச்சம் போடாம இருக்கும்" என்றார் காந்தா. எல்லோரும் சிரித்தார்கள். ஆளுக்கொரு பிடி மாவு எடுத்து, பெஞ்சு இங்கே, குழாய் அங்கே என்று கோடு போட ஆரம்பித்தார்கள். ரிஷபதாஸ் ஒரு கோலமாவு பெஞ்சில் உட்கார்ந்தே பார்த்துவிட்டார்.

கிரேஸ் வேகவேகமாக அளந்து குறித்துக்கொண்டார். "இதை நான் மேலே பேசி வாங்கித் தர்றேன். உங்க எல்லாருக்கும் சம்மதமா?"

எல்லாக் கைகளும் உயர்ந்தன. கவுன்சிலர் கை மட்டும் உயரவில்லை. அழிந்துபோன வட்டத்துக்குள் அவர் தனியாக நின்றார்.

மோனிஷாவுக்குப் பாவமாக இருந்தது. கிட்டே போனாள். "சாரி சார். உங்களுக்கு நீரூற்று ரொம்பப் பிடிக்குமா?"

"எனக்கில்லமா. பசங்க சந்தோஷமா வேடிக்கை பாக்குமேன்னு நெனச்சேன்" என்றார் வேல்முருகன்.

"வேடிக்கை பாக்கறதுக்கு பதிலா விளையாடறோமே சார்?"

மோனிஷா வாளியை நீட்டினாள். அடியில் கொஞ்சம் மாவு மிச்சம் இருந்தது. கவுன்சிலர் அதைப் பார்த்தார். அவளையும் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்து என்னவோ வரைந்தார்.

அஜித் தலையைச் சாய்த்து, சாய்த்துப் பார்த்தான். "என்ன சார் இது, ஆடா?"

"ஊஞ்சல்பா!"

கூட்டம் மொத்தமும் சிரித்தது. கவுன்சிலரும் சிரித்துக்கொண்டே கையை உயர்த்தினார்.

எப்படிப் பார்த்தாலும் அது ஆடு மாதிரிதான் இருந்தது. ஆனாலும் கிரேஸ் நாடாவை விரித்து, அதன் நான்கு கால்களையும் ஒழுங்காக அளந்து எழுதிக்கொண்டார்.